தக்காளிச் செடியில் கோளாறா? ரகத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்

மாடித்தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் வாடிப்போன தக்காளிச் செடியைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார்கள். "இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கூடவே ஒரு கேள்வி வரும். "என்ன ரகம்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். "தக்காளிதான், கடையில வாங்கின விதை" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். சென்னைப் புறநகரில் மொட்டை மாடியில் முதல் மூன்று வருடம் வேப்பெண்ணெய், பஞ்சகவ்யா, மீன் அமிலம் என்று மாற்றி மாற்றித் தெளித்தேன். செடி என் பேச்சைக் கேட்கவே இல்லை. நான் மருந்து தேடிக்கொண்டிருந்த கோளாறுகளில் பாதி, விதை வாங்கிய அன்றே முடிவாகிவிட்டவை என்பது பிறகுதான் புரிந்தது. மீதிப் பாதி தண்ணீராலும் பருவத்தாலும் வருவது. அதற்கு ரகத்தைக் குறை சொல்ல முடியாது. எது எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் செடியில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

எதற்கும் முன்னால், விதை உறை

அறிகுறி எதுவானாலும் முதலில் விதை உறையைத் தேடி எடுங்கள். நாற்றாக வாங்கியிருந்தால் வாங்கிய இடத்தில் கேளுங்கள். தெரியவேண்டியது ரகத்தின் பெயர். "நாட்டுத் தக்காளி", "ஹைபிரிட் தக்காளி" என்பதெல்லாம் ரகப் பெயர் ஆகாது. "அரிசி" என்று மட்டும் எழுதிய மூட்டையை நாம் வாங்குவோமா? பொன்னியா, இட்லி அரிசியா என்று கேட்காமல் விடமாட்டோம். விதைக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறோம்?

பெயர் தெரிந்தால் குணம் தெரியும். பி.கே.எம். 1 என்று இருந்தால், அது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர் வகையைச் சடுதி மாற்றம் செய்து எடுத்த ரகம். குட்டைச் செடி, தட்டை உருண்டைப் பழம், காம்புப் பக்கம் பச்சைத் தோள், வறட்சியைத் தாங்கும். கோ 3 என்றால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் குட்டை ரகம். மருதம் என்ற பெயரும் உண்டு. 'அர்கா' என்று தொடங்கினால் பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம். 'பூசா' என்று தொடங்கினால் டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். எஃப்1 என்று போட்டிருந்தால் அது வீரிய ஒட்டு. அதன் பழத்திலிருந்து அடுத்த விதை எடுக்க முடியுமா என்பதைக் கடைசித் தலைப்பில் சொல்கிறேன்.

உறையில் ரகப் பெயரும் இல்லை, சோதனைத் தேதியும் இல்லை என்றால் அந்த உறையை வாங்காதீர்கள். தக்காளி விதைக்கு 70 சதவீத முளைப்புத்திறனாவது இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதைத்தரம். பத்து விதை போட்டு மூன்று மட்டும் முளைத்தால் உங்கள் கைராசியை நொந்துகொள்ள வேண்டாம்.

செடி ஆள் உயரம் போகிறது, காயைக் காணோம்

நுனியைப் பாருங்கள். தண்டின் நுனி ஒரு பூங்கொத்தில் போய் முடிந்தால் அது குட்டை ரகம். ஓர் அளவோடு நின்றுவிடும். நுனி இலை விட்டுக்கொண்டே போனால் அது கொடிபோல் ஓடும் ரகம். நுனியில் தெளிவாகத் தெரியாவிட்டால் ஒரு பூங்கொத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள இலைகளை எண்ணுங்கள். ஓடும் ரகத்தில் ஏறத்தாழ மூன்று இலைக்கு ஒரு கொத்து வரும். குட்டை ரகத்தில் ஒன்று, இரண்டு இலைக்கே கொத்து வந்துவிடும். நுனி நின்றுபோகும் இந்தக் குணம் 1914இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு செடியில் தற்செயலாகத் தோன்றிய மாற்றம். இன்றைக்கு வயலில் நடும் குட்டைத் தக்காளிகளுக்கெல்லாம் மூலம் அதுதான்.

ஓடும் ரகமாக இருந்து 12 அங்குல குரோ பேக்கில் நட்டிருந்தால், கோளாறு செடியிடம் இல்லை. அதற்கு 15 அங்குலப் பையும், கட்டி ஏற்றக் கயிறும், இலைக்கக்கத்தில் வரும் பக்கக் கிளைகளை வாரம் ஒருமுறை கிள்ளும் பொறுமையும் வேண்டும். பூசா ரூபி இப்படி ஓடும். செர்ரி தக்காளிகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான். இடமும் நேரமும் குறைவு என்றால் பி.கே.எம். 1, கோ 3 போன்ற குட்டை ரகங்களுக்குப் போய்விடுங்கள்.

குட்டை ரகமாக இருந்தும் இலை கரும்பச்சையாக, தண்டு கட்டைவிரல் கனத்தில், பூவே இல்லாமல் நின்றால் தழைச்சத்து கூடிவிட்டது என்று பொருள். மாட்டுச் சாணமும் மண்புழு உரமும் பாசத்தோடு அள்ளிப் போட்டிருப்பீர்கள். மூன்று வாரம் எந்த உரமும் வேண்டாம். பிறகு கொஞ்சம் சாம்பல் போடலாம். வெயிலும் ஆறு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. பக்கத்து வீட்டுச் சுவர் நிழலில் எந்த ரகமும் காய்க்காது.

பூ பூக்கிறது, பூத்துப் பூத்து உதிர்கிறது

எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் இதுதான். அதுவும் பங்குனி முதல் ஆனி வரை.

உதிர்ந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் மஞ்சள் கூம்புபோல் மகரந்தக் குழல் இருக்கும். சாதாரணமாகச் சூல்முடி அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். குழலைத் தாண்டிச் சிறு ஊசிபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் வெப்பத்தின் வேலை. தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழும் வழி அங்கே அறுந்துவிடுகிறது. அதோடு, சூட்டில் மகரந்தமே உயிரற்றுப் போகும்.

பகல் வெயிலைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். தக்காளிக்கு அதைவிடப் பெரிய சங்கடம் இரவுச் சூடு. இரவில் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் பிஞ்சு நன்றாகப் பிடிக்கும். அதைத் தாண்ட ஆரம்பித்தால் பிடிப்பு குறையத் தொடங்கும். மே மாதச் சென்னையில் விடியற்காலைக் குறைந்தபட்ச வெப்பமே 27, 28 டிகிரி. பகலெல்லாம் வெந்த கான்கிரீட் தளம் இரவு முழுக்க அனலைத் திருப்பித் தரும். அந்தச் சூட்டில் நிற்கும் செடிக்கு எந்த டானிக் தெளித்தும் பயனில்லை. ஓசூர், இராயக்கோட்டைப் பக்கம் கோடையிலும் தக்காளி விளைகிறதே என்றால், அந்த மேட்டுநிலத்து இரவுகள் வேறு.

ஆகவே முதல் தீர்வு பருவம். சமவெளியில், கடலோரத்தில் இருப்பவர்கள் பூக்கும் காலம் மார்கழி, தையில் விழுமாறு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். விதைத்து ஏறக்குறைய 25 நாளில் நாற்று. நட்ட ஒரு மாதத்தில் பூ. நான் ஐப்பசி முதல் வாரத்தில் குழித்தட்டில் விதைத்து, மழை நேரடியாக விழாத தாழ்வாரத்தில் வைத்திருந்து, கார்த்திகையில் பைக்கு மாற்றுகிறேன். தை பாதியிலிருந்து பங்குனி வரை பழம் வருகிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் இவ்வளவு இறுக்கமாகக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் விதைத்தாலும் எடுத்துவிடலாம்.

இரண்டாவது தீர்வு ரகம். கோடையில் வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு என்று சில ரகங்கள் உண்டு. பூசா ஹைபிரிட் 1 இரவு வெப்பம் 28 டிகிரி வரை பிஞ்சு பிடிக்கும் திறனுக்காகவே வெளியிடப்பட்டது. பூசா சதாபகார், குளிர், சூடு இரண்டையும் ஓரளவு தாங்கும். இவை கிடைக்காவிட்டால் செர்ரி தக்காளி வையுங்கள். பெரிய பழ ரகங்கள் கைவிடும் நாட்களிலும் அது பத்துப் பூவில் நான்கையாவது பிடித்துவைப்பதை என் மாடியில் ஒவ்வொரு சித்திரையிலும் பார்க்கிறேன். வெளிநாட்டு உறைகளில் வரும் அரைக் கிலோ பழ ரகங்களை மட்டும் சமவெளியில் நம்பி இறங்காதீர்கள். அவற்றுக்கு நீண்ட குளிர்ப் பருவம் வேண்டும். உறைமேல் இருக்கும் படத்தைப் பார்த்து நானும் ஒருமுறை ஏமாந்தேன். மூன்று செடிக்கு ஒரே ஒரு காய்.

குளிர்மாதத்திலேயே உதிர்கிறது, சூல்முடியும் உள்ளேதான் இருக்கிறது என்றால் காற்று போதவில்லை. தக்காளிப் பூ குலுங்கினால்தான் மகரந்தம் கொட்டும். கண்ணாடி போட்ட பால்கனியில் அது நடக்காது. காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு தட்டு தட்டிவிடுங்கள்.

இலை சுருள்கிறது

இங்கே அவசரப்பட்டுச் செடியைப் பிடுங்கவும் வேண்டாம், பிடுங்காமல் பாசம் காட்டவும் வேண்டாம். எந்த இலை சுருள்கிறது என்று பாருங்கள்.

அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் மட்டும் மேல்நோக்கிக் குழல்போல் மடங்கி, தடித்து, தொட்டால் அப்பளம்போல் மொறமொறப்பாக இருந்து, நுனி நன்றாக வளர்ந்துகொண்டிருந்தால் அது நோய் ஆகாது. வெயில், தண்ணீர்க் குறைவு, அல்லது நீங்கள் ஒரேநாளில் நிறையக் கிளைகளை வெட்டியது காரணமாக இருக்கும். விட்டுவிடுங்கள்.

புது இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம்போல் மேலே குவிந்து, கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாகி நின்றுவிட்டால் அது இலைச்சுருள் வைரஸ். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தட்டினால் பொடிபோல் பறக்கும் வெள்ளை ஈதான் அதைக் கொண்டுவருகிறது. வைரஸ் உள்ளே போனபின் வெளியே எடுக்கும் மருந்து எதுவும் கிடையாது. வேப்பெண்ணெய் ஈயைக் குறைக்கும். வந்த நோயைத் தீர்க்காது. பூக்கும் முன்னரே பிடித்த செடி காய் தராது. அதை வைத்திருந்தால் பக்கத்துப் பைகளுக்கும் மிளகாய்க்கும்கூட ஈ சுமந்துபோகும். ஒரு கவரைப் போர்த்தி, ஈ பறக்காமல், அப்படியே பிடுங்கி எடுங்கள். நிறையக் காய் பிடித்தபின் வந்தது என்றால் அந்தக் காய்கள் பழுக்கும்வரை வைத்திருக்கலாம்.

அடுத்த முறைக்குத்தான் ரகத் தேர்வு. இந்த நோயில் ரகம் செய்யும் வித்தியாசத்தை வேறெந்த நோயிலும் நான் கண்டதில்லை. தக்காளியின் காட்டு உறவுகளிலிருந்து கொண்டுவந்து சேர்த்த எதிர்ப்பு மரபணுக்கள் சில ரகங்களில் இருக்கின்றன. பெங்களூரு நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், அர்கா சாம்ராட் இரண்டும் இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றுக்கும் எதிர்ப்புள்ள எஃப்1 ரகங்கள். அதற்குப் பின் வந்த அர்கா அபேத், பின்பருவக் கருகலையும் சேர்த்து நான்கைத் தாங்குகிறது. எதிர்ப்பு என்றால் அறவே வராது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நுனி இலை லேசாகச் சுருளும், செடி வளர்ந்து காயும் தந்துவிடும். அதே மாடியில், அதே மாசி மாதம், பி.கே.எம். 1 வைத்திருந்த ஆறு பையில் ஐந்து சுருண்டன. பக்கத்தில் இருந்த ரக்ஷக் நான்கும் காய்த்தன. அன்றைக்குத்தான் தெளிப்பானை மூலையில் வைத்தேன்.

எந்த ரகமானாலும் நாற்றுப் பருவத்தைக் காப்பாற்றுங்கள். குழித்தட்டின் மேல் நெருக்கமான பூச்சிவலையைக் கூடாரம்போல் போட்டு, நடும் நாள்வரை திறக்காமல் வளர்த்தாலே பாதி வெற்றி. தண்ணீரும் வலைக்கு மேலிருந்தே. மஞ்சள் ஒட்டும் அட்டை, ஈ வந்துவிட்டதா என்று முன்கூட்டியே சொல்லும், அதுமட்டுமே காப்பாற்றிவிடாது.

ஒரு சின்னக் குறிப்பு: சில வெளிநாட்டு ரகங்களில், குறிப்பாகச் சட்னிக்கென்று வளர்க்கும் நீள்வடிவப் பழ வகைகளில், இலை இயல்பிலேயே துவண்டு சுருண்டு தொங்கும். மண் ஈரமாக இருந்தும் முளைத்த நாளிலிருந்தே அப்படி இருந்தால் அது அந்த ரகத்தின் சாயல்.

காலையில் நன்றாக இருந்த செடி மாலையில் துவண்டு கிடக்கிறது

முதலில் மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றி இரண்டு மணி நேரம் பொறுங்கள். சொதசொதவென்று இருந்தால் வடிகால் துளை அடைத்திருக்கிறது, வேர் மூச்சுமுட்டுகிறது. ஈரம் சரியாக இருந்தும், இலை பச்சையாகவே இருந்தும், செடி மட்டும் வெந்நீர் ஊற்றியதுபோல் தொங்கினால் ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துவாருங்கள்.

தரைக்குச் சற்று மேலே தண்டில் மூன்று அங்குலம் வெட்டி எடுங்கள். தம்ளரில் தெளிந்த நீரை நிரப்பி, வெட்டுமுனை நீருக்குள் தொங்குமாறு அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து பால்நூல்போல் வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இதைவிடத் தெளிவான வீட்டுச் சோதனை தக்காளியில் வேறில்லை.

நூல் இறங்கவில்லை, அடி இலைகள் ஒருபக்கமாக மஞ்சளாகி மெல்ல மெல்ல வாடின, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு என்றால் அது பூஞ்சாண வாடல்.

இரண்டும் இல்லை, பகலில் வாடி இரவில் தேறி, நாளாக நாளாகச் செடி மெலிகிறது என்றால் வேரைக் கழுவிப் பாருங்கள். பாசிமணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அவரை, நிலக்கடலை வேரில் இருக்கும் நல்ல முடிச்சோ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். தக்காளி வேரில் அப்படி நல்ல முடிச்சு என்று ஒன்று கிடையாது.

பாக்டீரியா வாடல் வந்த பையைக் காப்பாற்ற வழியில்லை. செடியை எரித்துவிடுங்கள், அந்த மண்ணைத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதற்கும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். அந்த மண் பட்ட மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பையில் போடுவதுதான் நோய் மாடி முழுக்கப் பரவும் வழி. புளிப்புத்தன்மை உள்ள செம்மண்ணில், மழை மிகுந்த இடங்களில் இது அதிகம். கேரளத்தில் இந்த ஒரு நோய்க்காகவே அவர்கள் வேளாண் பல்கலைக்கழகம் சக்தி, முக்தி, அனகா என்று ரகங்களைக் கொடுத்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தரையில் தக்காளி வைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். அர்கா ஆபா, அர்கா ஆலோக் இரண்டும் வாடல் எதிர்ப்புக்கென வந்த ரகங்கள். ரக்ஷக்குக்கும் அந்த எதிர்ப்பு உண்டு என்று மேலே சொன்னேன். இன்னொரு வழி ஒட்டுச்செடி. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், வாடலும் நீர்த்தேக்கமும் உள்ள இடங்களுக்குக் கத்தரி வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டி நடச் சொல்கிறது. கை பழகியவர்கள் வீட்டிலேயே முயலலாம்.

நூற்புழுவுக்கு ஹிசார் லலித் என்று ஒரு ரகம் உண்டு. வெளிநாட்டு உறைகளில் 'N' என்ற ஆங்கில எழுத்து அதே எதிர்ப்பைக் குறிக்கும். ஆனால் பரவலாகப் பயன்படும் அந்த எதிர்ப்பு மரபணு, மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் வலுவிழந்துவிடும். நம் மொட்டை மாடியில், கறுப்புப் பைக்குள், மாசிக்குப் பிறகு மண் அதைத் தாண்டாத நாள் ஏது? எனவே அந்த எழுத்தை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். மண்ணை மாற்றுங்கள், அல்லது அந்தப் பையில் ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி வைத்து, அதன் வேரோடு மண்ணில் மடக்கிவிடுங்கள்.

காயின் அடியில் கறுப்புத் தழும்பு

காம்புக்கு நேர் எதிர்ப்பக்கம், தோல்போல் அமுங்கிய கறுப்பு வட்டம். பார்ப்பதற்கு அழுகல் நோய்போல் இருக்கும். கிருமி ஏதும் இல்லை. சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேரவில்லை. மண்ணில் சத்து இருந்தாலும், ஒருநாள் வறண்டு ஒருநாள் நனைந்தால் வேர் அதை ஏற்றிக் கொடுக்க முடியாது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். அது கரைந்து வேருக்குக் கிடைக்க மாதக்கணக்காகும். இந்தக் காய்க்கு உதவாது. காலையும் மாலையும் அளவாகத் தண்ணீர், மேலே தென்னை நார் அல்லது காய்ந்த இலை மூடாக்கு, பெரிய பை. இவற்றிலேயே இரண்டாம் கொத்திலிருந்து சரியாகிவிடும்.

இதில் ரகத்துக்கும் பங்கு உண்டு. நீள்வடிவப் பழ ரகங்களில் இது மிக அதிகம். உருண்டை, தட்டைப் பழங்களில் குறைவு. செர்ரியில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வேலைக்குப் போய்விட்டு ஒரே வேளை தண்ணீர் ஊற்றுகிறவர் நீள் தக்காளி வைத்தால் ஒவ்வொரு வருடமும் இதைப் பார்ப்பார்.

பழம் வெடிக்கிறது

காய்ந்து கிடந்த செடிக்குத் திடீர் மழை. உள்ளே நீர் ஏறும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்கவில்லை. சதைப்பற்றுள்ள நீள் பழங்கள் தாங்கும். சாறு நிறைந்த தட்டை நாட்டு வகைகள் வெடிக்கும். மழை வரும் என்று தெரிந்தால் நிறம் திரும்பிய செங்காய்களைப் பறித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். அந்தப் பருவத்தில் பறித்தால் உள்ளேயே நன்றாகப் பழுக்கும், ருசியிலும் பெரிய குறை இருக்காது.

பழுத்தும் சிவக்கவில்லை, தோளில் பச்சை

பழம் முழுக்க ஆரஞ்சு, மஞ்சளாக நின்றுவிட்டால் காலண்டரைப் பாருங்கள். தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது; மஞ்சள் நிறமி மட்டும் உருவாகிக்கொண்டிருக்கும். சித்திரைப் பழம் சிவக்காதது அதனால்தான். செங்காயாகப் பறித்து வீட்டின் நிழலில் வைத்தால் சிவக்கும்.

காம்பைச் சுற்றி மட்டும் பச்சையாக இருந்தால் அது பல பழைய ரகங்களின் பிறவிக் குணம், பி.கே.எம். 1-லும் உண்டு. சந்தையில் பழம் ஒரே நிறமாக இருக்கவேண்டும் என்று வளர்ப்பாளர்கள் அந்தப் பச்சைத் தோளை நீக்கி ரகங்களை உருவாக்கினார்கள். அந்த மாற்றத்தோடு காயின் பச்சையமும் குறைந்தது, காயே தயாரித்துக்கொள்ளும் சர்க்கரையும் கொஞ்சம் குறைந்தது என்று 2012இல் ஆய்வில் தெரியவந்தது. பச்சைத் தோளைக் கோளாறாகப் பார்க்காதீர்கள். அந்தப் பகுதி கடினமாக மஞ்சளாக நின்றால் மட்டும் காய்க்கு இலை நிழல் போதவில்லை என்று அர்த்தம்.

காய் நிறைய வருகிறது, ருசி இல்லை

வீட்டுத் தோட்டம் போடுவதே ருசிக்காகத்தானே? அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சந்தைக்கான பல ஒட்டு ரகங்கள் லாரியில் இரண்டு நாள் உருண்டாலும் நசுங்காமல் இருப்பதற்காக எடுக்கப்பட்டவை. நீண்ட நாள் கெடாமல் இருக்கவென்று பழுக்கும் வேகத்தையே மட்டுப்படுத்திய மரபணுவைக் கொண்டவையும் அவற்றில் உண்டு. பழுப்பது மெதுவானால் மணமும் சரியாக உருவாகாது. மாடியிலிருந்து அடுப்படிக்குப் பதினெட்டுப் படி இறங்கும் பழத்துக்கு அந்தக் குணம் தேவையே இல்லை.

தக்காளியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றிக் கொழகொழவென்று இருக்கும் பகுதியில்தான் புளிப்பு. வாயில் ஊறும் அந்த ருசிக்குக் காரணமான குளுட்டமேட்டும் சதையைவிட அங்கேதான் அதிகம். ரசத்துக்கு நாட்டுப் பழம் என்று பாட்டிமார் சொன்னதற்குக் காரணம் இதுதான். அறைகள் நிறைய, கொழகொழப்பு நிறைய, கையால் பிசைந்தாலே கரையும். 'பெங்களூர்த் தக்காளி' என்று கடையில் விற்கும் முட்டை வடிவப் பழத்தில் சதை அதிகம், கொழகொழப்பு குறைவு. ரசத்தில் சப்பென்றிருக்கும் அதே பழம், தொக்குக்கு அருமையாக அமையும். சீக்கிரம் சுண்டும், எண்ணெய் பிரியும். ருசியில்லை என்று நீங்கள் சொல்லும் ரகம் தவறான பாத்திரத்தில் விழுந்திருக்கவும் கூடும். ரகம் தேர்ந்தெடுக்கும்போது வீட்டில் வாரத்தில் எத்தனை நாள் ரசம், எத்தனை நாள் தொக்கு, பிள்ளைகள் பச்சையாகத் தின்பார்களா என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று இலைக்கணக்கு. சர்க்கரை செய்வது இலை. குட்டை ரகங்களில் இலை குறைவு, காய் ஒரே நேரத்தில் அதிகம். பங்கு பிரிக்கும்போது ஒவ்வொரு காய்க்கும் குறைவாகவே கிடைக்கும். ஓடும் ரகத்தில் காய்க்கு இலை அதிகம். ருசி மட்டுமே நோக்கம் என்றால், பால்கனிக் கம்பியில் கட்டி ஏற்றிய ஒரு செர்ரிச் செடி மூன்று குட்டைச் செடிகளுக்கு மேல். என் பேத்தி பறிக்கும் கூடைக்கு ஒரு பழம்கூட வந்து சேர்ந்ததில்லை.

பறித்த பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே மணம் உருவாக்கும் வேலை நின்றுவிடும். அப்புறம் ரகத்தைத் திட்டுவது நியாயமில்லை. காய் பழுக்கும் வாரங்களில் தண்ணீரைச் சற்றே குறைத்தால் இனிப்பு கூடும். அடி கறுக்கும் அளவுக்குப் போய்விடக்கூடாது.

ஒரு மாதம் கொட்டோ கொட்டென்று கொட்டியது, பிறகு ஓய்ந்துவிட்டது

குட்டை ரகம் அப்படித்தான், கோளாறு இல்லை. உரம் போட்டு எழுப்பப் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். தொடர்ந்து வேண்டும் என்றால் ஒரே நாளில் பத்து நடாமல், மூன்று வாரம் இடைவெளி விட்டு நான்கு நான்காக நடுங்கள். கூடவே ஓடும் ரகத்தில் ஒன்றிரண்டு.

போன வருடம் அருமையாகக் காய்த்தது. அதன் விதையில் இந்த வருடம் ஏதேதோ வருகிறது

எஃப்1 பழத்திலிருந்து விதை எடுத்திருப்பீர்கள். அந்த விதையில் தாய், தந்தை ரகங்களின் குணங்கள் பிரிந்து கலைந்து வரும். ஒரு செடி நெடுக, ஒரு செடி குட்டையாக, ஒன்றுக்கு நோய் எதிர்ப்பு இருக்கும், ஒன்றுக்கு இருக்காது. கடையில் வாங்கிய தக்காளியைத் தொட்டியில் பிழிந்துவிட்டு முளைக்கவைக்கிறவர்களுக்கும் இதேதான் நடக்கிறது, கடைப் பழம் பெரும்பாலும் எஃப்1 என்பதால். நல்லதாக ஒன்று அமைந்தால் சந்தோஷம். அதை நம்பி மாடி முழுக்க வைக்காதீர்கள். ரக்ஷக் போன்றவற்றுக்கு ஒவ்வொரு முறையும் புது விதை வாங்கத்தான் வேண்டும்.

விதை எடுத்துவைக்க ஆசை இருந்தால் பி.கே.எம். 1, கோ 3, பையூர் 1, அர்கா விகாஸ் மாதிரி ஒட்டு அல்லாத ரகத்தை வையுங்கள். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும். குணம் அதிகம் மாறாது. முதலில் பழுத்த பழத்தை ஆசைப்பட்டு எடுக்காமல், நோயில்லாமல் நின்று நன்றாகக் காய்த்த செடியைத் தேர்ந்தெடுத்து, அதன் இரண்டாம், மூன்றாம் கொத்துப் பழத்தைச் செடியிலேயே முழுக்கக் கனியவிடுங்கள். கொழகொழப்போடு விதையை ஒரு கிண்ணத்தில் பிழிந்து ஊறவிட்டால் நம் வெயிலில் ஒன்றிரண்டு நாளில் நுரைத்துவிடும். அதற்குமேல் விட்டால் கிண்ணத்திலேயே முளைகட்டும். கழுவும்போது மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைத் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள்; காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. உலர்ந்ததும் உறையில் போட்டு ரகப் பெயர், எடுத்த மாதம், எந்தப் பை என்று மூன்றையும் எழுதிவிடுங்கள். அடுத்த ஐப்பசியில் நான் உங்களிடம் "என்ன ரகம்?" என்று கேட்கும்போது அந்த உறையைப் படமெடுத்து அனுப்பினால் போதும்.